அரசு அலுவலகங்கள் லினக்சுக்கு மாறுவது: சேலத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் மாவட்டத்தில் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கணினி பராமரித்துத் தரும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறேன். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றதிலிருந்து, ஐந்து ரோட்டில் கடையில் இருந்தாலும் சரி, ஏற்காட்டுக்கு வேலையாகப் போனாலும் சரி, என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறுவதைப் பற்றியே இருக்கின்றன. தலைமையாசிரியர்கள், தட்டச்சர்கள், கண்காணிப்பாளர்கள், ஊராட்சி எழுத்தர்கள் ஆகியோர் கேட்டவற்றையும் அவற்றுக்கு நான் சொல்லி வரும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

கட்டற்ற மென்பொருள் என்றால் இலவச மென்பொருள் என்றுதானே பொருள்?

பெரும்பாலும் விலையில்லாமல் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் அரசுக்கு முக்கியமானது விலை மட்டுமன்று. அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் நிறுவலாம், திருத்தியதை மற்றவருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமைகள் உரிமத்திலேயே எழுதப்பட்டுள்ளன. இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கருநிரலை 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளோடு சேர்ந்து அது முழு இயங்குதளமாயிற்று. உபுண்டு, டெபியன், நம் நாட்டின் பாஸ் லினக்ஸ் ஆகிய அனைத்தும் அந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸை அரசு ஏன் மாற்ற வேண்டும்?

எப்போது மாறுவது என்பதை இன்று நாம் முடிவு செய்வதில்லை. எக்ஸ்பி 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10 2025 அக்டோபரிலும் ஆதரவை இழந்தன. ஒவ்வொரு முறையும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகள் ஒரே நாளில் பாதுகாப்பற்றவையாகிவிட்டன. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையிலிருந்து வந்த செயலியும் வேண்டும். நான் பார்க்கும் பள்ளிக் கணினிகளில் பெரும்பாலானவை அந்த வரம்புக்குக் கீழே நிற்கின்றன.

இரண்டாவது காரணம் இன்னும் கனமானது. 2025 ஜூலையில் நயாரா எனர்ஜி என்ற இந்திய எண்ணெய் நிறுவனத்தின் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடைகளே அதற்குக் காரணம். இந்தியச் சட்டத்தின்படி அந்த நிறுவனம் எந்தத் தவறும் செய்திருக்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்தை அது நாடிய பிறகே சேவை திரும்பக் கிடைத்தது. பணம் கட்டி, உரிமம் வாங்கி, ஒழுங்காக நடந்துகொண்டாலும் வேறொரு கண்டத்தில் எடுக்கப்படும் முடிவால் நம் அஞ்சல் பெட்டி பூட்டப்படலாம் என்றால், நில ஆவணங்களையும் ஓய்வூதியப் பட்டியல்களையும் வைத்திருக்கும் ஓர் அரசு அதைப் பற்றிக் கவலைப்பட்டே ஆக வேண்டும்.

ஜெர்மனியில் மியூனிக் நகரம் மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டதே? அது தோல்விதானே?

இந்த ஒரு கதையைச் சொல்லியே பல கூட்டங்களில் பேச்சை முடித்துவிடுகிறார்கள். அதனால் அதை முழுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மியூனிக் நகர மன்றம் 2003-இல் லினக்சுக்கு மாற முடிவெடுத்தது. அதைத் தடுக்க மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர், பனிச்சறுக்கு விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு மேயரை நேரில் சந்திக்க வந்தார். லிமக்ஸ் என்று பெயரிடப்பட்ட அத்திட்டம் 2006-இல் கணினிகளை மாற்றத் தொடங்கி, 2013-க்குள் ஏறத்தாழ 15,000 மேசைக்கணினிகளை மாற்றி முடித்தது. ஏழாண்டுகள் பிடித்ததற்குக் காரணம், ஒவ்வொரு துறையும் தனக்கென்று கணினிப் பிரிவும், தனக்கென்று கடித மாதிரிகளும், ஆவணங்களுக்குள்ளே எழுதிவைத்த குறுநிரல்களும் வைத்திருந்ததுதான். ஆயிரக்கணக்கான படிவங்களை ஒழுங்குபடுத்துவதற்காகவே வோல்மக்ஸ் என்ற கருவியை அவர்கள் உருவாக்க வேண்டியிருந்தது.

2014-இல் மேயர் மாறினார். 2017 நவம்பரில், விண்டோஸ் 10-க்குத் திரும்புவது என்று மன்றம் வாக்களித்தது. அதற்கு முன் நகர நிர்வாகமே நியமித்த ஆலோசகர்கள், சிக்கலின் பெரும்பகுதி கணினி நிர்வாகம் பல துண்டுகளாகச் சிதறிக் கிடப்பதில் இருப்பதாகத்தான் கண்டார்கள். 2020-இல் ஆட்சிக்கு வந்த கூட்டணியோ, மக்கள் பணத்தில் எழுதப்படும் நிரல் மக்களுக்கே திறந்திருக்க வேண்டும் என்று தன் உடன்படிக்கையில் எழுதியது. ஆக, மியூனிக்கில் லினக்ஸ் பத்தாண்டுகள் வேலை செய்தது. அதைத் தாங்கிப் பிடித்த அரசியல் உறுதிதான் மேயரோடு மாறிவிட்டது. இயங்குதளத்தை முன்னே வைத்து, படிவங்களையும் நிர்வாகத்தையும் பின்னே இழுத்துக்கொண்டு போனதும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

பிரான்சின் ஜென்டார்மரி காவல் படை இதற்கு நேர்மாறான வரிசையில் போனது. 2005-இல் கடிதமும் அட்டவணையும் தயாரிக்கும் அலுவலகத் தொகுப்பை மட்டும் ஓப்பன் ஆஃபீசுக்கு மாற்றினார்கள். அடுத்து ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும் தண்டர்பேர்டு அஞ்சலும் வந்தன. ஊழியர்களுக்கு இவை கைவந்த பிறகே, 2008-இல் உபுண்டுவை நிறுவத் தொடங்கினார்கள். அடியில் இருந்த இயங்குதளம் மாறியபோது, அன்றாடம் தொடும் திரைகள் ஏற்கனவே பழகியவையாக இருந்தன. 2024-இல் அவர்களுடைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் 97 விழுக்காடு லினக்சில் ஓடின. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமும் 2024-இல் ஏறத்தாழ 30,000 கணினிகளை மாற்ற முடிவு செய்து, இதே போல லிப்ரே ஆஃபீஸ் என்ற கட்டற்ற அலுவலகத் தொகுப்பிலும் மின்னஞ்சலிலும்தான் தொடங்கியிருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்தில் யாராவது செய்திருக்கிறார்களா?

கேரளம் செய்திருக்கிறது. அங்கே 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், சில ஆண்டுகளில் முழுவதுமாகக் கட்டற்ற மென்பொருளுக்கு வந்தது. இன்று அது கைட் என்ற அரசு நிறுவனமாக இயங்குகிறது. 2019-இல் 2 லட்சம் பள்ளிக் கணினிகளில் புதிய பதிப்பை நிறுவியபோது, 3,000 கோடி ரூபாய் மிச்சமாகிறது என்று அந்நிறுவனம் கூறியது. ஒவ்வொரு கணினிக்கும் எல்லா மென்பொருளையும் முழு விலை கொடுத்து வாங்கியிருந்தால் என்ற கணக்கு அது. அந்தத் தொகையை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு: ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சி கொடுத்தார்கள், மலையாளப் பாடத்துக்கு வேண்டிய கருவிகளைத் தாங்களே சேர்த்தார்கள், பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வையே கட்டற்ற மென்பொருளில் நடத்தினார்கள். தேர்வு எதில் நடக்கிறதோ அதில்தான் வகுப்பும் நடக்கும்.

தமிழ்நாட்டுக்கும் நல்ல தொடக்கம் கிடைத்தது. சி. உமாசங்கர், மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2007-ஐ ஒட்டி, அந்நிறுவனத்தின் கணினிகள் சூசே லினக்சுக்கு மாறின. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்சும் அதே 2007-இல்தான் முதலில் வெளிவந்தது. அவர் பொறுப்பிலிருந்து சென்ற பின் அந்த வேகம் தொடரவில்லை. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் இருந்தன. ஆனால் லினக்சில் செய்ய வேண்டிய பாடம் எதுவும் மாணவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. அந்த மடிக்கணினிகளைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்த பிள்ளைகள் பலரும் முதலில் கேட்டது, "அண்ணா, அந்த இன்னொன்ன அழிச்சிட்டு எடத்த காலி பண்ணிக் குடுங்க" என்பதுதான். கேரளத்தில் வேர்பிடித்தது இங்கே ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு அந்த வாக்கியமே பதில்.

நீதிமன்றங்களையும் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் மின்னணுக் குழு மாவட்ட நீதிமன்றங்களுக்குத் திறமூல மென்பொருளையே, அதாவது மூலநிரல் திறந்திருக்கும் மென்பொருளையே தேர்ந்தெடுத்தது. நீதிபதிகளுக்கும் ஊழியர்களுக்கும் உபுண்டுவில் பயிற்சி அளித்தது. அரசு வேலைக்கு லினக்ஸ் ஒத்துவராது என்பவர்கள் வழக்குப் பட்டியல் எதில் தயாராகிறது என்று ஒரு முறை விசாரித்துப் பார்க்கலாம்.

எங்களுடைய பழைய தமிழ்க் கோப்புகள் என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அக்கறையோடு எழுதும் பதில் இது. சேலத்தில் ஓர் அலுவலகத்தில் ஓய்வு பெற இரண்டு ஆண்டுகளே இருந்த தட்டச்சர் அம்மா ஒருவர், "இத மாத்திட்டீங்கன்னா என்னோட இருபது வருசக் கடுதாசி எல்லாம் என்ன சார் ஆகும்?" என்று கேட்டார். அவருடைய கணினியில் ஆண்டு வாரியாக அடுக்கப்பட்ட கோப்புகள் இருந்தன. பழைய கடிதம் ஒன்றை உபுண்டு நிறுவிய கணினியில் திறந்தேன். 'சேர்வராயன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த ஆங்கில எழுத்துக் குவியல் வந்தது. அவர் முகம் வாடிவிட்டது.

கோப்பு கெட்டுப்போகவில்லை. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. கணினியைப் பொறுத்தவரை அக்கடிதம் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும், அது விண்டோஸாகவே இருந்தாலும், இதே குவியல்தான் தெரியும். ஆகவே இது லினக்ஸ் கொண்டு வந்த சிக்கல் அன்று. 2010 ஜூன் மாதத்திலேயே, ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் ஒருங்குறியையும் (யூனிகோட்) தமிழ் அனைத்து எழுத்துக் குறியீட்டு முறையையும் தரங்களாக ஏற்றுத் தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்துவிட்டது. அதன் பிறகும் பழக்கத்தால் பழைய எழுத்துருவிலேயே தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகள்தான் இன்று நம் முன் நிற்கின்றன.

மாற்றுவதற்குக் கருவிகள் உண்டு. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகம் வானவில் உள்ளிட்ட பல குறியீடுகளிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றித் தருகிறது. ஆனால் கருவியை ஓட்டிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போகக் கூடாது. பழைய எழுத்துருக்களில் பார்வைக்கு வரும் வரிசையிலேயே எழுத்துகள் அமையும்; 'கொ' என்பதற்குக் கொம்பு, ககரம், கால் என்று மூன்று குறிகள். ஒருங்குறியில் ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால். இந்த இடமாற்றத்தைக் கருவி பெரும்பாலும் சரியாகச் செய்துவிடும். தடுமாறுவது ஔகாரத்தில்தான். தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்து 'கௌ' என்ற எழுத்தின் வலப்பக்கக் குறியும் 'ள' என்ற எழுத்தும் ஒரே வடிவமாக இருப்பதால், கௌரி என்ற பெயர் 'கெளரி' என்று மாறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். கணினிக்கு வேறு வேறு. பயனாளிகள் பட்டியலில் கௌரியையும் சௌந்தரத்தையும் தேடினால் அப்படி யாருமே இல்லை என்று வரும். ஒரு முதியவரின் உதவித்தொகை அப்படி ஒரு தேடலில் நின்றுபோகக் கூடாது. ஆகவே பெயர்ப் பட்டியல்களில் இந்த எழுத்தை மட்டும் தனியாகத் தேடி, கண்ணால் பார்த்துத் திருத்துங்கள்.

ஒரே அட்டவணையில் ஆங்கிலப் பத்திகளும் தமிழ்ப் பத்திகளும் கலந்திருந்தால் தமிழ்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். இல்லையென்றால் வங்கிக் குறியீட்டு எண்ணில் உள்ள ஆங்கில எழுத்துகளும் தமிழாகிவிடும். அந்த அம்மாவின் கோப்புகளை மாற்றி முடிக்க எங்களுக்கு ஏழு வாரம் ஆயிற்று. பெயர்களை ஒப்பிட்டுச் சரிபார்த்தவர் அவரே. அவ்வளவு துல்லியமாக நான் செய்திருக்க மாட்டேன்.

லிப்ரே ஆஃபீசில் திறந்தால் ஒரு பக்கக் கடிதம் இரண்டு பக்கமாகிறதே?

எழுத்துரு மாறுவதால் வருவது. லதா போன்ற விண்டோஸ் எழுத்துரு இல்லாத கணினியில் வேறொன்று அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். அகலம் வேறுபடுவதால் வரிகள் நகரும். எல்லாக் கணினிகளிலும் ஒரே ஒருங்குறி எழுத்துருவை நிறுவி, படிவங்களை அதிலேயே ஒரு முறை சீரமைத்து, சர்வதேசத் தரமான திறந்த ஆவண வடிவத்தில் சேமித்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். தமிழ் இணையக் கல்விக்கழகம் ஒருங்குறி எழுத்துருக்களை இலவசமாகவே வழங்குகிறது. வெளியே அனுப்பும் கடிதத்தைப் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள்.

பழைய தட்டச்சுப் பலகையில் பழகிய கைக்கு லினக்சில் வழியுண்டா?

உண்டு. தமிழ்99, பழைய தட்டச்சு, ஒலிபெயர்ப்பு ஆகிய மூன்றையும் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். சில குறிகள் இடம் மாறியிருக்கும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

எமிஸ், களஞ்சியம், டிஜிட்டல் கையொப்பம் எல்லாம் வேலை செய்யுமா?

பள்ளிகளின் எமிஸ் தளமும், சம்பளப் பட்டியலுக்கான களஞ்சியம் என்ற நிதி மேலாண்மைத் தளமும் உலாவியில் இயங்குபவை. ஃபயர்ஃபாக்ஸ் அல்லது குரோம் இருந்தால் போதும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இருந்தால்தான் திறக்கும் என்றிருந்த பழைய தளங்களின் காலம், 2022 ஜூனில் அந்த உலாவியின் ஆதரவு நிறுத்தப்பட்டதோடு ஏறத்தாழ முடிந்துவிட்டது.

கையொப்பச் சாவியில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். யுஎஸ்பி வடிவில் வரும் அந்தச் சாவிகள் சிலவற்றுக்கு லினக்ஸ் இயக்கி உண்டு. ஆனால் கையொப்பமிடும் தளத்தின் துணைமென்பொருள் விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டிருக்கலாம். கைரேகைக் கருவிகளுக்கும் இதே நிலைதான். இவற்றை முதலில் ஒரே ஒரு கணினியில் சோதித்துப் பார்த்து, ஓடவில்லை என்றால் அந்த வேலைக்கென்று ஒரு விண்டோஸ் கணினியை விட்டுவைப்பதில் தவறில்லை. அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைப்பதுதான் தவறு.

மலைமேல் உள்ள பள்ளியில் கணினிகளும் பழையவை, இணையமும் சரியாக வராது. என்ன செய்வது?

சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் நான் செய்த வேலையை அப்படியே சொல்கிறேன். பத்துக் கணினிகள், ஒவ்வொன்றிலும் 2 ஜிபி நினைவகம். கார்த்திகை மாத மூடுபனியில் அறையின் சுவரெல்லாம் ஈரம் பூத்திருந்தது. மின்சாரம் மதியத்துக்குள் மூன்று முறை போய் வந்தது. கீழே கடையிலேயே, உபுண்டுவின் எடை குறைந்த வடிவமான லுபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி எடுத்துப் போயிருந்ததால் நிறுவுவதற்கு இணையம் தேவைப்படவில்லை. பழைய வன்தட்டுகளுக்குப் பதிலாகச் சிறிய எஸ்எஸ்டி போட்டேன். உண்மையில் வேகத்தைக் கூட்டியதில் பாதிக்கு மேல் அதன் பங்கு. ஒரு கணினியைப் புதுப்பிப்புக் கிடங்காக அமைத்தேன்: அது ஒரு முறை இறக்கிக்கொள்வதை மற்ற ஒன்பதும் பள்ளிக்குள்ளேயே கம்பி வழியாக எடுத்துக்கொள்ளும். மலையில் கிடைக்கும் மெல்லிய இணையத்துக்கு இது பெரிய நிம்மதி.

ஒரு விஷயத்தில் நான் தவறினேன். யுபிஎஸ் பேட்டரியைச் சோதிக்காமல் வந்துவிட்டேன். அடுத்த மாதமே மின்வெட்டில் இரண்டு கணினிகளின் கோப்பு அமைப்பு பழுதாகி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மறுபடி ஏற வேண்டியிருந்தது. எந்த இயங்குதளமானாலும் மின்சாரத்தை முதலில் பாருங்கள்.

லினக்சுக்கு வைரஸ் வராது என்கிறார்களே?

அப்படி யாரும் உறுதி தர முடியாது. 2024 மார்ச்சில் லினக்ஸ் கணினிகளில் பயன்படும் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவிக்குள், கள்ளத்தனமாக உள்ளே நுழைய உதவும் ஒரு பின்வாசலை யாரோ திட்டமிட்டு வைத்திருந்தது தெரியவந்தது. உள்நுழைவு சுமார் அரை விநாடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கவனித்து, மூலநிரலைத் தோண்டிப் பார்த்ததால் அது பெரும்பாலான கணினிகளை அடையும் முன்பே பிடிபட்டது. ஆபத்து உண்டு என்பதற்கும், நிரல் திறந்திருந்தால் அதை யாரும் தேடிப் பிடிக்கலாம் என்பதற்கும் இந்த ஒரே நிகழ்வு சான்று. புதுப்பிப்புகளைத் தவறாமல் போடுங்கள். எல்லாருக்கும் நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்.

செலவு உண்மையிலேயே குறையுமா?

முதல் ஆண்டில் குறையும் என்று நான் சொல்ல மாட்டேன். உரிமத்துக்குப் போகாத பணம் பயிற்சிக்கும் கோப்பு மாற்றத்துக்கும் போகும். மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் வித்தியாசம் தெரியும். குறிப்பாக, ஓடக்கூடிய கணினிகளைக் குப்பைக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்வதில். அந்தப் பணம் போகும் இடமும் மாறுகிறது. உரிமக் கட்டணம் ஊரைவிட்டுப் போய்விடும். பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் கொடுப்பது கருப்பூர் பொறியியல் கல்லூரியில் படித்த பிள்ளைக்கோ, செவ்வாய்ப்பேட்டையில் கடை வைத்திருப்பவருக்கோ வேலையாகிறது. எனக்கு இதில் தொழில் சார்ந்த ஆதாயம் உண்டு என்பதை மறைக்கவில்லை. அதையும் சேர்த்தே என் கருத்தை எடைபோடுங்கள்.

மத்திய அரசின் 2015-ஆம் ஆண்டுக் கொள்கை, ஒப்பந்தப்புள்ளி கோரும்போது திறமூல மென்பொருளைக் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும் என்றும், அதை விலக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்றும் கூறுகிறது. ஒப்பந்தப்புள்ளி எழுதுபவர் அந்த வரியைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் அலுவலகத்தில் எதிலிருந்து தொடங்குவது?

எழுத்துருவிலிருந்து. இன்று முதல் தட்டச்சாகும் ஒவ்வொரு புதிய கடிதமும் ஒருங்குறியில் இருக்கட்டும். அதற்கு விண்டோஸே போதும். அடுத்து அதே விண்டோஸில் லிப்ரே ஆஃபீசை நிறுவி, ஆறு மாதம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பழகுங்கள். இதற்கிடையில் பழைய கோப்புகளை மாற்றுங்கள். அச்சுப்பொறி வாங்கும்போது லினக்சில் ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள். இவ்வளவும் ஆன பிறகு, ஆர்வமுள்ள ஒரு பிரிவின் கணினிகளை மட்டும் மாற்றுங்கள். கணினிக்குக் கணினி வட்டைப் போட்டு ஒரே வாரத்தில் அலுவலகம் முழுவதையும் மாற்றச் சொல்லி யாராவது கேட்டால் நான் அந்த வேலையை ஏற்றுக்கொள்வதில்லை.

கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றியபின் பழையவற்றை அழித்துவிடலாமா?

கூடாது. மாற்றும்போது நேர்ந்த பிழை எத்தனை ஆண்டு கழித்து வெளிப்படும் என்று சொல்ல முடியாது. பழைய கோப்புகளை அவற்றின் எழுத்துருவோடு சேர்த்து ஒரு வெளித்தட்டில் வைத்து, உறையின்மேல் எழுத்துருவின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். முக்கியமானவற்றை அந்த எழுத்துரு உள்ள கணினியிலேயே பிடிஎஃப் ஆக எடுத்துக்கொண்டால், எழுத்துரு தொலைந்தாலும் கண்ணால் படிக்கலாம். நான் சொன்ன தட்டச்சர் அம்மா ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய தட்டு அந்த அலுவலகத்து இரும்பு பீரோவில், பதிவேடுகளுக்கு மேல், பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது. உறையின்மேல் 'வானவில்' என்று அவர் கையெழுத்தில் எழுதியிருக்கிறது.